யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை

ஆமாம் அக்கா, இவள்தான். நீங்கள் நினைத்தது சரிதான். கொஞ்சம் மெதுவாகச் சொல்லுங்கள், முன் சீட்டில் இருப்பவர்கள் திரும்பிப் பார்க்கிறார்கள். எனக்கு ஒரு மாதிரியாக இருக்கிறது.

டிவியில் பார்த்ததற்கு இப்போது இளைத்துவிட்டாள். அதனால்தான் உங்களுக்குச் சந்தேகம் வந்திருக்கும். பேர் கனிஷ்கா. ஒன்றாவது படிக்கிறாள். நீங்கள் பேர் கேட்டதற்குப் பதில் சொல்லாமல் ஜன்னலையே பார்த்துக்கொண்டிருந்தாளே, தப்பாக எடுத்துக்கொள்ளாதீர்கள். திமிர் எல்லாம் இல்லை. இருங்கள், இவளை இந்தப் பக்கம் மாற்றி உட்கார வைக்கிறேன். இடது பக்கத்திலிருந்து பேசினால் இவளுக்குச் சரியாகக் கேட்காது. பிறவியில் இல்லை, ஒரு பதினைந்து நாளாகத்தான். போகப் போகச் சரியாகும் என்று டாக்டர் சொல்லியிருக்கிறார்.

கனி, ஆன்ட்டிக்கு வணக்கம் சொல்லு. சொல்லு. பார்த்தீர்களா, சிரிப்பதோடு சரி. என்னை மாதிரியே. நானும் புது ஆளைப் பார்த்தால் பேச மாட்டேன். இப்போது உங்களிடம் பேசுவதே பெரிய விஷயம்.

நாங்கள் திண்டிவனம் வரைக்கும்தான். அங்கே இறங்கி வந்தவாசி ரோட்டில் போனால் என் அண்ணன் ஊர். அண்ணன் வீட்டில் நாலு நாள் இருந்துவிட்டு வரலாம் என்றுதான் காலையில் கிளம்பினேன். ஆனால் இப்போது அங்கே போக மாட்டோம். கொஞ்சம் முன்னால் எனக்கு ஒரு போன் வந்ததே, அது அண்ணன்தான். இவள் அப்பா பைக்கில் எங்களுக்கு முன்னாலேயே வந்து திண்டிவனம் பஸ் ஸ்டாண்டில் நிற்கிறாராம். அங்கிருந்தே எங்களைத் திரும்பக் கூட்டிக்கொண்டு போய்விடுவாராம். "நான்தான் மாப்பிள்ளைக்குச் சொன்னேன் குமுதா. இந்த பஸ்ல வர்றேன்னு நீ சொன்னதை அப்படியே சொல்லிட்டேன். குடும்பம்னா நாலும் இருக்கும்" என்றான். நல்லவன் அக்கா என் அண்ணன். அதனால் திண்டிவனத்தில் இறங்கிவிடுவோம். நீங்கள் செஞ்சி வரைக்கும் போகவேண்டும், இல்லையா? அதுவரைக்கும் கால் நீட்டி உட்கார்ந்துகொள்ளலாம் நீங்கள்.

டிவியில் இவள் செய்ததை யார் சொல்லிக் கொடுத்தது என்றா கேட்டீர்கள்? எல்லாரும் இதைத்தான் கேட்கிறார்கள். யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை அக்கா. அவளாகச் செய்ததுதான்.

நாங்கள் குன்றத்தூர் பக்கம் லைன் வீட்டில் இருக்கிறோம். ஒரே வரிசையில் ஆறு வீடு. கடைசி வீட்டில் லீலாவதி அக்கா என்று ஒருத்தர். ஷூட்டிங்குக்கு ஆள் கூட்டிக்கொண்டு போகிற வேலை. கல்யாண வீட்டுக் கூட்டம் வேண்டும், சாவு வீட்டுக் கூட்டம் வேண்டும் என்று கேட்பார்களே, அதற்கு. ஒருநாள் வாசலில் நான் துணி பிழிந்துகொண்டிருக்கும்போது வந்து, "குமுதா, உன் பொண்ணைக் குடு. ஆறு வயசுல, ஒல்லியா, பெரிய கண்ணா ஒரு புள்ளை கேக்கறாங்க. இருக்கறதே கண்ணு மட்டும்தானே உன் பொண்ணுக்கு" என்றார். குற்றம் நடந்த கதையெல்லாம் வாராவாரம் போடுவார்களே, அந்த நிகழ்ச்சி என்றார். எனக்குப் பயம். இவள் அப்பாவிடம் கேட்டுக்கொள்ளுங்கள் என்று சொல்லிவிட்டேன். அவருக்கு ஒரே சந்தோஷம். டைல்ஸ் ஒட்டுகிற வேலை அவருக்கு. போகிற வீடெல்லாம் சொல்லிவிட்டார், என் பெண் டிவியில் வரப்போகிறாள் என்று.

ஷூட்டிங் வளசரவாக்கத்தில் ஒரு வீட்டில், இரண்டு நாள். உள்ளே போனால் அச்சாக எங்கள் வீடு மாதிரியே செய்து வைத்திருந்தார்கள். ஒரு ரூம், ஓரத்தில் அடுப்பு, பலகை அடித்து அதில் டம்ளர், ஒரு கட்டில், பின்கதவு. நான் ஐந்தாவதுதான் படித்திருக்கிறேன். ஒரு பேப்பரைக் கொடுத்துக் கையெழுத்துப் போடச் சொன்னார்கள். போடப்போனேன். ரெபேக்கா என்று ஒரு பெண், டைரக்டருக்கு உதவி, அது என் கையைப் பிடித்துக்கொண்டு, "இருங்கக்கா, நான் படிச்சுக் காட்டறேன். அப்புறம் போடுங்க" என்றது. முழுக்கப் படித்தது. ஒரு புருஷன் பொண்டாட்டியை அடிக்கிறான், கடைசியில் அவள் செத்துப்போகிறாள், அதுதான் கதை. பாப்பா அவர்களுடைய மகள். "பாப்பாவுக்கு இது எதுவும் தெரிய வேணாம். அது பாட்டுக்கு விளையாடிட்டுப் போகட்டும்" என்றது.

எனக்கு அங்கே எதுவுமே ஷூட்டிங் மாதிரித் தெரியவில்லை அக்கா. லீலாவதி அக்கா சொல்லியிருந்தார், மைக்கில் கத்துவார்கள், கண்டபடி திட்டுவார்கள், மனசில் வைத்துக்கொள்ளாதே என்று. அங்கே என்னவென்றால் இவள் உள்ளே இருந்தால் ஒருத்தரும் சத்தமாகப் பேசுவதில்லை. டைரக்டர் குள்ளமாக, தாடி வைத்து, எந்த நேரமும் தொண்டை கட்டின மாதிரி இருப்பார். அவர் வாயசைப்பது மட்டும்தான் தெரியும்.

அடிக்கிற புருஷனாக நடித்தவர் பேர் தங்கதுரை. பார்த்தால் பயில்வான், வாயைத் திறந்தால் குரல் கீச்சென்று இருக்கும். அவரைக் காலையிலேயே இவளோடு உட்கார வைத்து இட்லி சாப்பிடச் சொன்னார்கள். அவர் தன் மீசையைக் காட்டி, "பாப்பா, இதை உரிச்சுப் பாரு" என்றார். இவள் உரித்தாள். வந்துவிட்டது, ஒட்டுமீசை. "வேலைக்கு வரும்போது ஒட்டிக்குவேன். வேலை முடிஞ்சா டப்பாவுல போட்டுடுவேன். சரியா?" என்றார். நாலு தடவை உரித்து நாலு தடவை ஒட்டினாள். அப்புறம் என் காதில் வந்து, "அம்மா, அப்பா மீசையும் கழட்டலாமா?" என்று கேட்டாள். எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை. ரெபேக்காவிடம் சொன்னேன். அது சிரிக்கவில்லை. அதற்கு நகைச்சுவை கம்மி போல.

அவர் அடிக்கிற மாதிரி நடித்ததையெல்லாம் இவளை வெளியே அனுப்பிவிட்டுத்தான் எடுத்தார்கள். அதுவும் அடிக்கிறதைக் காட்டவில்லை. கதவைக் காட்டினார்கள், கதவுக்கு வெளியே கிடந்த வாளியைக் காட்டினார்கள். அம்மாவாக நடித்த பெண்ணுக்கு அதில் மனக்குறை. "சார், அவன் என்னை ஏன் அடிக்கிறான்? நான் என்ன பண்ணேன்? அதைச் சொன்னாத்தானே சார் எனக்கு நடிக்க வரும்?" என்று கேட்டது. டைரக்டர், "நீங்க ஒண்ணும் பண்ணலை" என்றார். "எதாவது சண்டை, போன்ல பேசினது, அந்த மாதிரி?" என்று திரும்பக் கேட்டது. அதற்கு அவர், "ஒரு காரணத்தைச் சொல்லிட்டேன்னு வைங்க, பாக்கறவன் பாதிப் பழியை உங்க மேல தூக்கி வச்சிட்டு நிம்மதியாச் சாப்பிடப் போயிடுவான். அவனுக்குச் சோறு இறங்கக் கூடாதும்மா" என்றார். எனக்கு அது புரியவில்லை. காரணம் இல்லாமல் யாராவது அடிப்பார்களா? உப்பு கூடியிருக்கும், போனை எடுக்க நேரமாகியிருக்கும், எதிர்த்த வீட்டைப் பார்த்திருப்போம். ஒன்றுமில்லாமல் எப்படி?

சரி, இவள் விஷயத்துக்கு வருகிறேன். பேப்பரில் இவளுக்கு என்ன எழுதியிருந்தது என்றால், கதவு தட்டுகிற சத்தம் கேட்டதும் கட்டிலுக்குப் பின்னால் ஓடிப்போய்க் காதைப் பொத்திக்கொண்டு அழ வேண்டும். டைரக்டர் இவளிடம் அதைச் சொல்லவில்லை. "பாப்பா, இது உங்க வீடு. நீ இங்க இருக்கே. கதவு தட்டும். உனக்கு என்ன தோணுதோ செய்" என்று மட்டும் சொன்னார்.

தட்டினார்கள்.

இவள் அழவில்லை அக்கா. கட்டிலுக்குப் பின்னால் போகவும் இல்லை. நேராகப் போய் அடுப்பை அணைத்தாள். வெறும் அடுப்புதான், எரியவே இல்லை, ஆனாலும் குமிழைத் திருகினாள். அப்புறம் பலகையில் இருந்த டம்ளரை ஒவ்வொன்றாக எடுத்துக் கீழே மூலையில் வைத்தாள். சத்தம் வராமல், விரலைக் கொடுத்துக் கொடுத்து வைத்தாள். அரிவாள்மணையைக் கட்டிலுக்கு அடியில் காலால் தள்ளினாள். அம்மா செருப்பு ஒரு ஜோடி கிடந்தது. அதைத் தூக்கிக்கொண்டு போய்ப் பின்கதவுக்கிட்டே, வெளியே பார்த்த மாதிரி வைத்தாள். எல்லாம் முடித்துவிட்டு வந்து உட்கார்ந்து, நோட்டைத் திறந்து, ஒன்று இரண்டு எழுத ஆரம்பித்துவிட்டாள். தலையே தூக்கவில்லை.

 கேமராக்காரர் அப்படியே நிற்கிறார். அம்மாவாக நடித்த பெண் தரையில் உட்கார்ந்துவிட்டது. ரொம்ப நேரம் கழித்து டைரக்டர், "போதும்" என்றார்.

எனக்கு உயிரே போய்விட்டது. எழுதியிருந்ததை விட்டுவிட்டு இவள் என்னவோ வீட்டு வேலை பார்த்துவிட்டு வந்துவிட்டாளே! ஓடிப்போய், "சார், கோவிச்சுக்காதீங்க சார். நான் அழச் சொல்லித் தரேன். பத்து வாட்டி வேணும்னாலும் செய்வா சார்" என்றேன். நான் அப்படிச் சத்தமாகப் பேசினது என் கல்யாணத்துக்கு அப்புறம் அன்றைக்குத்தான். அவர் என்னைப் பார்த்தார். "இல்லம்மா. இதை ஒரு குழந்தைகிட்ட ரெண்டாவது வாட்டி கேக்கக் கூடாது" என்றார். அப்புறம்தான் கேட்டார், நீங்கள் கேட்டதையே. "யாரும்மா சொல்லிக் கொடுத்தாங்க?"

"யாரும் இல்லை சார். அவளுக்கா வரும்."

 மீதி இருந்ததை எல்லாம் இவள் இல்லாமலே எடுத்தார்கள். ரெபேக்கா என்னைத் தனியாகக் கூப்பிட்டு டீ கொடுத்தது. என் மணிக்கட்டைப் பார்த்துவிட்டு, "என்னக்கா இது?" என்றது. கதவு இடித்தது என்றேன். என் போனை வாங்கி அதன் நம்பரைப் போட்டு, பேருக்கு டெய்லர் என்று எழுதி வைத்தது. "எதுக்கு டெய்லர்னு போடறீங்க?" என்றேன். "ஜாக்கெட் தைக்கணும்னா எந்த நேரமானாலும் கூப்பிடுங்கக்கா" என்றது. அதற்குத் தையலும் தெரியும் போல. வீட்டுக்கு வந்ததும் இவள் அப்பா வழக்கம்போல என் போனைப் பார்த்தார். "யாரு டெய்லர்?" என்றார். "ஜாக்கெட் தைக்க" என்றேன். விட்டுவிட்டார். பாருங்களேன், பொய் சொன்ன மாதிரியே எனக்கு இல்லை.

தூங்கிவிட்டாளா? ஆமாம், தூங்கிவிட்டாள். இவள் காலை இப்படி வைத்துக்கொள்கிறேன். உங்கள் மேல் இடிக்கிறதா? இல்லையா? சரி.

டிவியில் போட்ட அன்றைக்கு ஞாயிற்றுக்கிழமை. சாயங்காலம் ஆறு மணி. லைன் வீட்டு ஜனம் முழுக்க எங்கள் வீட்டில்தான். இவள் அப்பா மிக்சர், கூல்டிரிங்க்ஸ் எல்லாம் வாங்கி வந்து எல்லாருக்கும் அவரே கொடுத்தார். இவளைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டார். ஆரம்பத்தில் ஒரே சிரிப்பு. "ஐயே, கனி பாரு", "மூக்கு என்னடி இவ்ளோ பெரிசு", இப்படி. லீலாவதி அக்கா வாசல் காட்சியில் அரை நிமிஷம் வந்தார், அதற்கு ஒரு கைதட்டல்.

அப்புறம் கதவு தட்டுகிற இடம் வந்தது. அதற்குப் பாட்டு, மியூசிக் ஒன்றும் போடவில்லை அக்கா. டம்ளர் தரையில் படுகிற சத்தம் மட்டும். டக். டக். அவ்வளவுதான். மிக்சர் தின்றவர்கள் எல்லாம் நிறுத்திவிட்டார்கள்.

வேறொரு டிவியிலும் இதே மாதிரி நிகழ்ச்சி வருமே, நீங்கள் பார்த்திருப்பீர்கள். ஒரு ஆம்பளைக் குரல் கணகண என்று பேசும். பொம்பளை தலைமுடி விரிய ஓடுவாள், ஜாக்கெட் கிழியும், அதையே மூன்று தடவை சிவப்பு வெளிச்சத்தில் காட்டுவார்கள். அதை நாங்கள் சாப்பிட்டுக்கொண்டேதான் பார்ப்போம். இதில் அதெல்லாம் ஒன்றுமே இல்லை. அந்தப் பெண் செத்துப்போனதைக்கூடக் காட்டவில்லை. முகத்தைக்கூடக் காட்டவில்லை. போலீஸ்காரம்மா ஒன்று வந்து, நிற்காமல் தரையில் இவள் பக்கத்தில் உட்காருகிறது. யார் அடித்தது, எப்போது அடித்தது என்று கேட்கவில்லை. "என்ன எழுதறே?" என்று கேட்கிறது. அவ்வளவுதான். நோட்டைக் காட்டுகிறார்கள். நூறு வரைக்கும் எழுதி முடித்து, திரும்ப ஒன்றிலிருந்து எழுதியிருக்கிறாள்.

மூன்றாவது வீட்டு வசந்தாதான் முதலில் வாயைத் திறந்தது. "ஏன் அடிச்சான்னு சொல்லவே இல்லையே? அவ என்ன பண்ணா?"  "எதாவது இருந்திருக்கும்" என்று அதுவே சொல்லிக்கொண்டது. ஆனால் அது மேற்கொண்டு மிக்சரை எடுக்கவில்லை. கையிலேயே வைத்துக்கொண்டிருந்தது.

கடைசியில், வீட்டில் அடி வாங்குகிற பொம்பளைகள் உதவிக்குக் கூப்பிடச் சொல்லி ஒரு நம்பர் போட்டார்கள். மூன்றே இலக்கம். எனக்கே படிக்க முடிந்தது. பெரிசாகப் போட்டு, ஒரு பொம்பளைக் குரல் அதை வாய்விட்டும் சொன்னது, இரண்டு தடவை, நிறுத்தி நிறுத்தி. படிக்கத் தெரியாதவர்களுக்காக இருக்கும். எங்கள் வீட்டுக்குள் அத்தனை பேர் இருக்கும்போது அந்தக் குரல் நம்பரைச் சொல்கிறது, ஒருத்தரும் ஒருத்தரைப் பார்க்கவில்லை. லீலாவதி அக்கா எழுந்து காலி டம்ளரைப் பொறுக்க ஆரம்பித்துவிட்டார். ஹவுஸ் ஓனரம்மாதான், அதற்கு வயசாகிவிட்டது, எதை எங்கே பேசுவது என்று தெரியாது, அது கேட்டது: "ஏண்டி கனி, செருப்பை வெளியே பாத்து வச்சியே, அதை எங்கடி பாத்தே?"

இவள் தன் அப்பா முகத்தைப் பார்த்தாள்.

அவர் சிரித்தார். "நடிப்புங்கம்மா. எம் பொண்ணு பொறவியிலேயே நடிகை" என்றார். நல்லவேளை, எல்லாரும் சிரித்துவிட்டார்கள். என் அண்ணன் ஊரிலிருந்து போன் செய்து அழுதான். "அந்த நாயை நிக்க வச்சுச் சுடணும் குமுதா" என்றான். டிவியில் வந்த புருஷனைத்தான் சொன்னான். போனை வாங்கி இவள் அப்பாவும், "ஆமா மச்சான், அவன்லாம் மனுசனா?" என்றார்.

அன்றைக்கு ஒன்றும் நடக்கவில்லை அக்கா. நான் பயந்ததெல்லாம் வீண். ஒரு வாரம் கையே ஓங்கவில்லை. அவர் அப்படித்தான். கோபம் இல்லாதபோது குழந்தை மாதிரி.

அடுத்த நாள் அவரோடு வேலை செய்கிறவர்கள் இரண்டு பேர் வந்தார்கள். "பாப்பா, டிவியில பண்ணியே, அதை மாமாவுக்குச் செஞ்சு காட்டு" என்றார். அவரே வெளியே போய்க் கதவைத் தட்டினார். இவள் அடுப்பை அணைத்தாள், டம்ளரை இறக்கினாள், எல்லாம் செய்தாள். வந்தவர்கள் கை தட்டி சாக்லேட் கொடுத்தார்கள். எனக்குப் பெருமையாகத்தான் இருந்தது. பொய் சொல்ல மாட்டேன்.

அப்புறம் மேஸ்திரி வந்தார், அவருக்குச் செய்து காட்டினாள். இவள் அப்பாவின் தங்கச்சி குடும்பம் வந்தது, அவர்களுக்கு. கேஸ் சிலிண்டர் போட வந்த ஆளுக்குக்கூட. யாரும் வராத நாளில் அவருக்கே செய்து காட்டச் சொல்வார். வேலை விட்டு வந்து கதவைத் தட்டுவார். இது நிஜமா விளையாட்டா என்று இவளுக்குத் தெரியாது. எனக்கும்தான் தெரியாது. கதவைத் திறந்து முகத்தைப் பார்த்தால்தான் தெரியும். சிரிப்பார். டம்ளரை எல்லாம் அவரே எடுத்துத் திரும்பப் பலகையில் அடுக்குவார். "நாளைக்கு இன்னும் சீக்கிரமாச் செய்யணும், என்ன?" என்பார். பத்துப் பன்னிரண்டு நாள் இருக்கும். இவள் சோறு தின்பது குறைந்துவிட்டது. ஒருநாள் தட்டின சத்தம் கேட்டதும் நின்ற இடத்திலேயே பாவாடையை நனைத்துவிட்டாள். ஆறு வயசுப் பெண்! நான்தான் திட்டினேன். பிள்ளைக்குச் சூடு பிடித்திருக்கிறது என்று நினைத்து வெந்தயம் ஊற வைத்துக் கொடுத்தேன்.

அப்போதுதான் அந்த டைரக்டர் சொன்னது ஒருநாள் ஞாபகம் வந்தது. ரெண்டாவது வாட்டி கேட்கக் கூடாது என்றாரே, அது. பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்தேன். கை நின்றுவிட்டது. அவர் யாரோ ஒரு ஆள் அக்கா. பெற்றவரா, கூடப் பிறந்தவரா? இரண்டு நாள் பார்த்த ஆள்.

ஒரு செவ்வாய்க்கிழமை. பள்ளிக்கூடம் விட்டு வந்து இவள் வீட்டுப்பாடம் எழுதிக்கொண்டிருந்தாள். அவர் சீக்கிரமே வந்துவிட்டார். கூட இரண்டு பேர். கதவைத் தட்டினார். இவள் எழுந்திருக்கவில்லை. எழுதிக்கொண்டே இருந்தாள். திரும்பத் தட்டினார். நான், "கனி, அப்பா வந்துட்டாரு, செய்டி" என்றேன். ஆமாம், நான்தான் சொன்னேன். நிமிர்ந்து, "மாட்டேன்" என்றாள். அவ்வளவுதான். மாட்டேன்.

அவர் உள்ளே வந்தார். வந்தவர்கள் எதிரில் அவருக்கு அவமானமாகிவிட்டது. அதையும் நாம் பார்க்க வேண்டும் இல்லையா? "ஊருக்கெல்லாம் செஞ்சு காட்டினே, அப்பனுக்குச் செய்ய மாட்டியா?" என்றார். ஒரே ஒரு அடி. அதற்கு முன்னால் இவள் மேல் அவர் கை வைத்ததே கிடையாது, சாமி மேல் சத்தியமாக. என்னோடு சரி. டைல்ஸ் தூக்குகிற கை, அவருக்கு எடை தெரியாது. காதோரம் பட்டுவிட்டது. அப்புறம் அவர்தான் அழுதார். அவர்தான் பைக்கில் வைத்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார். கட்டிலிலிருந்து விழுந்துவிட்டாள் என்று அவரே சொன்னார். டாக்டரம்மா என்னைப் பார்த்துத் திரும்பக் கேட்டது. நான் ஆமாம் என்றேன்.

ஏன் அக்கா அப்படிப் பார்க்கிறீர்கள்? அவர் கெட்டவர் இல்லை. புது கவுன் வாங்கிக் கொடுத்திருக்கிறார். இனிமேல் செய்து காட்டச் சொல்ல மாட்டேன் என்று சொல்லியிருக்கிறார். நேற்று வரைக்கும் சொல்லவும் இல்லை. நேற்றுத்தான் மேஸ்திரி யாரோ புது ஆளைக் கூட்டிக்கொண்டு வருகிறேன் என்றாராம். "நாளைக்கு ஒரு வாட்டி மட்டும் செஞ்சிடு கண்ணு" என்று கொஞ்சித்தான் கேட்டார். இவள் தலையாட்டினாள். காலையில் அவர் வேலைக்குப் போனதும் நான் ஒரு பையில் இவளுடைய துணியை எடுத்து வைத்தேன். நான் எதையும் யோசித்துச் செய்யவில்லை. அண்ணனைப் பார்த்து ரொம்ப நாளாயிற்று, அதுதான்.

இது என்ன ஊர், அச்சிறுபாக்கமா? அதற்குள்ளாகவா?

அண்ணன் சேர்த்து வைத்துவிடுவான். போன தடவையும் அவன்தான் கொண்டுவந்து விட்டான். அதற்கு முந்தின தடவையும். வீட்டுக்கு வந்தால் அண்ணி நன்றாகத்தான் பார்த்துக்கொள்வாள், மூன்று நாள் வரைக்கும். திரும்பப் போகாதே என்று நீங்கள் சொல்வது எனக்குப் புரிகிறது அக்கா. புரியாமல் இல்லை. ஆனால் நான் எங்கே போவேன்? தனியாக ஒரு கடைக்குப் போய் இது வேண்டும் என்று கேட்டது கிடையாது. கண்டக்டரிடம் டிக்கெட் கேட்பதற்கே எனக்குக் குரல் வரவில்லை, நீங்கள்தானே கேட்டு வாங்கிக் கொடுத்தீர்கள். திண்டிவனத்தில் இறங்கிவிட்டால் பிரச்சினை இல்லை. அவர் நிற்பார். சிரித்துக்கொண்டுதான் நிற்பார்.

மேம்பாலம் வந்துவிட்டது. ஸ்டாண்டுக்குள் திரும்புகிறது. இந்தப் பையைக் கொஞ்சம் எடுத்துக் கொடுங்கள் அக்கா. இதுதான்.

அதோ நிற்கிறார். நீலச் சட்டை, கையில் ஹெல்மெட். பார்த்தீர்களா, பார்க்க எவ்வளவு நன்றாக இருக்கிறார். முன்னால் நிற்கிற பஸ்ஸில் ஏறி இறங்குகிறவர்களைப் பார்த்துக்கொண்டிருக்கிறார். இந்தப் பஸ்ஸை இன்னும் கவனிக்கவில்லை. நான் இறங்கிப் போனால்தான் தெரியும்.

இவளை எழுப்ப வேண்டும்.

எப்படித் தூங்குகிறாள் பாருங்கள் அக்கா. வாயைத் திறந்துகொண்டு, எச்சில் ஒழுகுகிறது. வீட்டில் இவள் இப்படித் தூங்கி நான் பார்த்ததில்லை. பக்கத்து வீட்டில் தாழ்ப்பாள் விழுந்தால் எழுந்து உட்கார்ந்துவிடுவாள். இத்தனை ஹாரன் அடிக்கிறான், வேர்க்கடலைக்காரன் இவள் தலைக்கு மேலேயே கத்துகிறான், அசையவே இல்லை. கனி. கனி.

நான் மெதுவாகத்தானே கூப்பிட்டேன். இன்னும் கொஞ்சம் சத்தமாகக் கூப்பிட்டால் எழுந்துவிடுவாள். தோளைத் தட்டினால் போதும். கை வர மாட்டேன் என்கிறது அக்கா. இவ்வளவு தூங்குகிற பிள்ளையைத் தட்டி எழுப்பி எதற்குக் கூட்டிக்கொண்டு போகிறேன் என்று, எழுந்ததும் கேட்பாளே. என்ன சொல்வது?

நான் இப்படிக் குனிந்துகொள்கிறேன். நீங்கள் ஜன்னல் பக்கம் கொஞ்சம் சாய்ந்து உட்காருங்கள். புடவையை அப்படி விடுங்கள். போதும்.

கண்டக்டர் வருகிறார்.

இல்லீங்க, இறங்கலை. ஆமாங்க, திண்டிவனத்துக்குத்தான் வாங்கினேன். தெரியுங்க. இந்த அக்கா கூட செஞ்சிக்குப் போறோம், ஒரு முழு டிக்கெட், ஒரு அரை டிக்கெட் குடுங்க. புள்ளை தூங்குதுங்க. எழுப்ப மாட்டேன். நீங்க விசிலை ஊதி பஸ்ஸை எடுக்கச் சொல்லுங்க.